கொழும்பில் இருந்தபடி ஊர் வயலின் பூச்சியைக் கணக்கெடுப்பது எப்படி

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிற பலருக்கு வவுனியா, கிளிநொச்சி, மட்டக்களப்புப் பக்கம் ஐந்தோ பத்தோ ஏக்கர் வயல் உண்டு. உழுவதும் விதைப்பதும் தண்ணீர் கட்டுவதும் அங்கே நிற்கும் ஒருவர், காசும் முடிவும் இங்கிருந்து. போகத்தின் நடுவில் ஒரு நாள் அழைப்பு வரும்: "பூச்சி விழுந்திட்டுது, மருந்து அடிக்கட்டே?" எத்தனை பூச்சி, எந்தப் பூச்சி, எந்த இடத்தில் என்று கேட்காமலே "ஓம், அடியுங்கோ" என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லால் காசும் போகிறது, பல வேளைகளில் பயிரும் போகிறது. தூரத்தில் இருப்பவர் வயலைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் சரியாக எடுத்த எண்ணிக்கை கையில் இருந்தால் சரியாக முடிவெடுக்கலாம். அந்த எண்ணிக்கையை எடுக்கும் முறையைத்தான் இங்கே சொல்கிறோம். பெரும்பகுதி நெல்லைப் பற்றியது, கடைசியில் சோளம் கொஞ்சம்.

முதல் 40 நாளும் கையைக் கட்டிக்கொண்டிருங்கள்

விதைத்து 40 நாளுக்குள் இலையைக் கடிக்கும் புழுக்களுக்கு மருந்து அடிக்க வேண்டிய தேவை மிக அரிது. அந்த வயதில் பயிர் புது மட்டம் (அடியிலிருந்து வரும் பக்கத்தண்டு) வெடித்து இழப்பை ஈடுசெய்துவிடும். இலையில் வெள்ளைக் கோடும் ஓட்டையும் கண்டு பதறி அடிக்கும் மருந்து புழுவை விடச் சிலந்திகளைத்தான் அதிகம் கொல்லும். நெல் வயலில் சிலந்தி ஒரு காவல் படை. அதோடு, பயிரின் சாற்றை உறிஞ்சும் தத்திப் பூச்சியின் முட்டையைக் குத்தி உறிஞ்சும் சிறிய பச்சை நிற மூட்டு ஒன்றும் உண்டு. அதுவும் அதே மருந்தில் செத்துவிடும்.

அறக்கொட்டி என்று வன்னியிலும் கிழக்கிலும் சொல்லும் கபில நிறத் தத்தி முட்டையை இலை உறையின் உள்ளே சொருகி வைக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து பெரும்பாலும் அந்த முட்டையைத் தொடாது. ஏழெட்டு நாளில் குஞ்சு வெளியே வரும்போது அதைத் தின்ன ஒரு சிலந்தியும் அங்கே இருக்காது. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ரொயிட் வகை மருந்துகளை அடித்த வயல்களில் தத்தி பெருகுவது இதனால்தான். இந்தோனேசியா 1986இல் நெல்லுக்குப் பாவித்த 57 பூச்சிக்கொல்லிகளை ஒரே ஆணையில் தடை செய்ததற்கும் காரணம் இந்தத் தத்திதான்.

அதனால், "எல்லாரும் அடிக்கினம்" என்ற காரணத்துக்காக முதல் 40 நாளில் மருந்துக்குக் காசு அனுப்பாதீர்கள். பனிப்பூச்சி மட்டும் விதிவிலக்கு, அதைப் பின்னால் பார்ப்போம்.

போகம் தொடங்க முன் வாங்கி வைக்க வேண்டியவை

பெரிய செலவு ஒன்றும் இல்லை. 10 மடங்கு பெருப்பிக்கும் கைவில்லை ஒன்று, ஓரம் உயர்ந்த வெள்ளைப் பிளாஸ்ரிக் தட்டு ஒன்று, கொப்பி, பென்சில் (பேனா ஈரத்தில் எழுதாது), வாய் அகன்ற இரண்டு மூன்று கண்ணாடிப் போத்தல், அவற்றின் வாயைக் கட்ட மெல்லிய துணி. எண்ணும் சட்டம் செய்ய, பழைய சோனகத் தெருவில் அரை அங்குலப் பிவிசி குழாயும் இரண்டு முழங்கைப் பொருத்தும் வாங்கி, 30 சென்ரிமீற்றர் நீளத்தில் மூன்று துண்டு வெட்டிப் பொருத்துங்கள். நான்காவது பக்கத்தைத் திறந்தே விடுங்கள். நான்கு பக்கமும் மூடிய சட்டத்தை வளர்ந்த பயிருக்குள் இறக்கப் பார்த்தால் பயிர் முறியும், பூச்சியும் பறந்துவிடும். திறந்த பக்கம் இருந்தால் அடியில் வைத்துப் பக்கவாட்டில் தள்ளிவிடலாம்.

எங்கள் வயல்கள் பெரும்பாலும் வீசி விதைத்தவை. நாற்று நட்ட வயலில் குத்துக் குத்தாக (ஓரிடத்தில் நட்ட நாற்றுக் கொத்து ஒரு குத்து) எண்ணச் சொல்லும் கைநூல்கள் அப்படியே பொருந்தாது. அதற்காகத்தான் இந்தச் சட்டம்.

முதல் எண்ணிக்கையை நீங்களே போய், வயலில் நிற்பவரோடு சேர்ந்து எடுங்கள். இரவு பஸ்ஸில் வெள்ளவத்தையில் ஏறினால் விடியும்போது வன்னியில் இறங்கலாம். காலை 7 மணி தொடக்கம் 9 மணி வரைதான் எண்ணுவதற்கு உகந்த நேரம். வெயில் ஏறினால், கதிரில் சாறு உறிஞ்சும் மூட்டுப்பூச்சி கதிரை விட்டு அடிக்கு இறங்கிவிடும், கண்ணில் படாது. பூச்சிகளைப் பார்த்தே பழக்கமில்லை என்றால் ஹோமாகம, பாதுக்கைப் பக்கத்து வயல்களில் உடைமைக்காரரிடம் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இறங்கிப் பாருங்கள். சிலந்தியும் தத்தியும் இலைச்சுருட்டியும் கொழும்பு மாவட்டத்து நெல்லிலும் உண்டு.

நாட்களை எண்ணுவது

எல்லாக் கணக்கும் விதைத்த நாளிலிருந்து. "கதிர் பொங்கலுக்கு முதல் வந்திடும்" என்ற மாதிரிப் பேச்சு உதவாது. பூத்ததிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாள். ஆகவே மூன்றரை மாத இனம் 75ஆம் நாள் அளவில் பூக்கும், மூன்று மாத இனம் 60ஆம் நாள் அளவில். அந்தத் திகதிகளை நாட்காட்டியில் குறித்துவிட்டால் எந்தக் கிழமை எதைத் தேட வேண்டும் என்பது தானாகத் தெரியும். 35ஆம் நாள் வரை கிழமைக்கு ஒரு முறை போதும். அதன் பின் கதிர் முற்றும் வரை கிழமைக்கு இரண்டு முறை.

எண்ணும் முறை

வரம்பிலிருந்து குறைந்தது மூன்று மீற்றர் உள்ளே போன பிறகு தொடங்குங்கள். வரம்போரத்தில் எண்ணுவதுதான் பெரும்பாலானவர்கள் விடும் பிழை. வரம்பில் நின்று பார்த்தால் தத்தி தெரியாது, அது வயலின் நடுவில் அடர்ந்த, நிழலான இடத்தில், தண்ணீருக்குச் சற்று மேலே தண்டில் ஒட்டியிருக்கும். மேலே இலை பச்சைப் பசேலென்று இருக்கும்போதே அடியில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம்.

வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு வளைந்து வளைந்து நடந்து 10 இடத்தில் நில்லுங்கள். நல்ல இடத்தையோ கெட்ட இடத்தையோ தேடிப் போகாதீர்கள், இருபது எட்டு வைத்ததும் கால் நிற்கிற இடம்தான் இடம். ஒவ்வோர் இடத்திலும் சட்டத்துக்குள் 20 மட்டத்தைப் பிடித்து, வெள்ளைத் தட்டை அடியில் சாய்த்து வைத்து, பயிரின் அடியைக் கையால் மூன்று நான்கு தரம் தட்டுங்கள். தட்டில் விழுந்ததையும் தண்ணீரில் விழுந்து தத்துவதையும் எண்ணுங்கள்.

எண்ணும்போது நான்காகப் பிரித்து எழுத வேண்டும். குஞ்சு: வெண்மையிலிருந்து கபிலம் வரை, செட்டை இல்லை. நீட்டுச் செட்டைத் தத்தி: வெளியிலிருந்து பறந்து வந்தது. கட்டைச் செட்டைத் தத்தி: வயிறு பருத்து, செட்டை பாதி முதுகோடு நின்றுவிடும். நான்காவது சிலந்தியும் பச்சை மூட்டும். கட்டைச் செட்டைப் பெண்தத்தி கண்ணில் பட்டால் கவனம் கூட வேண்டும். அது அந்த வயலிலேயே பிறந்து, பறக்காமல், முட்டையிடுவதற்காகவே நிற்பது. தத்தியின் ஒரு தலைமுறை ஏறக்குறைய 25 தொடக்கம் 30 நாள். 35ஆம் நாள் பறந்து வந்து இறங்கியதன் பிள்ளைகள் 60ஆம் நாளை அண்டி, பயிர் குடலையில் (கதிர் உறைக்குள் இருக்கும் பருவம்) நிற்கும்போது முழுப் பலத்தோடு நிற்கும். பச்சை மூட்டைப் பச்சைத் தத்தி என்று தவறாக எண்ணுவதும் உண்டு. தத்தி குதிக்கும். மூட்டு ஒல்லியாக, நீண்ட உணர்கொம்போடு தண்டில் வேகமாக ஓடும்.

தண்ணீரில் வெள்ளைத் தோல் மிதக்கிறதா, தண்டின் அடியில் கரிபோல் பூஞ்சணம் படிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். தோல் மிதந்தால் குஞ்சுகள் உரித்து வளர்கின்றன என்று பொருள். பூஞ்சணம் என்றால் தத்தியின் இனிப்புக் கழிவு பல நாளாக விழுகிறது.

கொழும்புக்கு வர வேண்டிய செய்தி

வீதியிலிருந்து எடுத்த வயல் படத்தால் ஒரு பயனும் இல்லை. வட்ஸ்அப்பில் வர வேண்டியது இரண்டு படம், ஒரு செய்தி. முதல் படம் இலையை விலக்கி அடித்தண்டைக் கிட்டத்தில் எடுத்தது, பக்கத்தில் அளவுக்கு ஒரு ரூபாய்க் குற்றி. இரண்டாவது தட்டில் விழுந்தவை. செய்தி இப்படி இருக்கட்டும்:

"தம்பி, நாள் 47. 10 இடம், 200 மட்டம். தத்தி 260. குஞ்சு 210, நீட்டுச் செட்டை 38, கட்டைச் செட்டை 12. சிலந்தி 35, பச்சை மூட்டு 20. ஏழாம் இடத்தில மட்டும் 90. தண்ணி ரெண்டு அங்குலம் நிக்குது."

இதை வைத்து முடிவெடுப்போம். மருந்தை யோசிக்க வேண்டிய எண்ணிக்கையைத்தான் எல்லை என்கிறோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் எல்லை: சிலந்தி இல்லாத இடத்தில் மட்டத்துக்கு ஒரு தத்தி, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் மட்டத்துக்கு இரண்டு. 20 மட்டத்தை ஏறக்குறைய ஒரு குத்தாக எடுக்கலாம். 260ஐ 200ஆல் பிரித்தால் 1.3. சிலந்தி ஓரிடத்துக்கு மூன்றுக்கு மேல். ஆகவே எல்லை தாண்டவில்லை. ஏழாம் இடத்தைக் கழித்தால் மீதி 180 மட்டத்தில் 170, ஒன்றுக்கும் குறைவு. ஆனால் ஏழாம் இடத்தில் மட்டத்துக்கு 4.5. வயல் முழுவதும் அடிக்கத் தேவையில்லை. ஏழாம் இடத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்த்துத் தடி நட்டு, அந்த வட்டத்துக்கும் வெளியே இரண்டு மூன்று மீற்றருக்கும் மட்டும் மருந்து. மற்ற இடத்தில் தண்ணீரை வடித்துவிட்டு மூன்றாம் நாள் திரும்ப எண்ண வேண்டும். சராசரி கணக்கு மட்டும் பார்த்திருந்தால் அந்த ஓரிடம் மறைந்துபோயிருக்கும். தத்தி வயலில் சமமாகப் பரவாது, திட்டுத் திட்டாகத்தான் தொடங்கும்.

உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் அந்தப் போகத்துக்கு, அந்த இனத்துக்கு வேறு எல்லை சொன்னால் அதையே எடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கலாம். அங்கேயும் எண்ணிக்கையோடு கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

மருந்துக்கு முன் தண்ணீரும் யூரியாவும்

தத்தி கூடத் தொடங்கினால் முதல் வேலை வக்கடையை (வரம்பில் உள்ள தண்ணீர் வாய்) திறந்து தண்ணீரை வடித்து, மூன்று நான்கு நாள் அடியில் காற்றும் வெயிலும் பட விடுவது. மார்கழி அடைமழையில் முழுதாக வடியாது, அப்போதும் தண்ணீரின் உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பயிர் பூத்து நிற்கும்போது நிலம் வெடிக்குமளவுக்குக் காய விடக்கூடாது, நெல் பதராகும்.

தத்தி நிற்கும் வயலுக்கு யூரியா வீசுவது நிலைமையை மோசமாக்கும். இலை கரும்பச்சையாக, மென்மையாக வளர வளரத் தத்திக்கும் இலைச்சுருட்டிக்கும் விருந்து. யூரியாவைப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள், எண்ணிக்கை இறங்கும் வரை அடுத்த பங்கை நிறுத்துங்கள். விதை நெல்லும் அப்படித்தான். ஏக்கருக்கு 2 புசல் போதுமான நிலத்தில் மூன்று, நான்கு என்று வீசினால் அடியில் காற்றே போகாது. கபிலத் தத்தியைத் தாங்கும் பிஜி 379-2 போன்ற இனத்தைத் தேர்வதும், பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானித்த திகதிக்குள் கண்டம் முழுவதும் விதைத்து முடிப்பதும் எந்த மருந்தை விடவும் பெரிய காவல். பிந்தி விதைத்த வயலில்தான் அக்கம்பக்கத்துப் பூச்சி எல்லாம் வந்து இறங்கும்.

அடிக்கத்தான் வேண்டும் என்றால்

மருந்தின் வியாபாரப் பெயரைப் பார்க்காமல் லேபலில் உள்ள செயற்படு பொருளைப் பாருங்கள். இமிடாகுளோப்ரிட்டும் தயாமெதொக்சாமும் வேறு வேறு போத்தலில் வந்தாலும் பூச்சியைத் தாக்கும் விதம் ஒன்றே. தாக்கும் விதத்தை வைத்துப் பிரித்த தொகுதிகளில் இரண்டும் 4ஏ தொகுதி. ஒன்றுக்குப் பிறகு மற்றதை அடிப்பது மாற்றி அடிப்பதாகாது. புப்ரோபெசின் 16ஆம் தொகுதி. அது தோல் உரிக்கும் குஞ்சைக் கொல்லும், செட்டை முளைத்ததைக் கொல்லாது. சாவதற்குச் சில நாள் எடுக்கும். பைமெட்ரோசின் 9பி. உறிஞ்சுவதை நிறுத்திவிடும், பூச்சி உடனே விழாது. இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் மறுநாள் காலை "அண்ணை, ஒண்டும் சாகேல்லை, இன்னொண்டு அடிப்பம்" என்று அழைப்பு வரும். மேலே சொன்ன எண்ணிக்கையில் குஞ்சு 210 என்று வந்தபடியால் அந்தத் திட்டுக்குப் புப்ரோபெசின் பொருந்தும். நீட்டுச் செட்டை மட்டும் நிறைந்திருந்தால் பொருந்தாது.

கடையில் கேட்டால் இரண்டு மூன்றைக் கலந்து தருவார்கள். கலக்காதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் போவது ஒன்று, ஒன்றாகக் கலந்து பயிர் கருகுவது இன்னொன்று.

தண்ணீர் அளவை ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 10 மீற்றருக்கு 10 மீற்றர் இடத்தை அளந்து, வெறும் தண்ணீரை வழமையான நடையில் தெளித்து, எவ்வளவு முடிந்தது என்று பாருங்கள். அதை 40ஆல் பெருக்கினால் ஏக்கருக்கான அளவு. 4 லீற்றர் முடிந்தால் ஏக்கருக்கு 160 லீற்றர், அதாவது 16 லீற்றர் தாங்கியால் 10 தாங்கி. லேபலில் ஏக்கருக்கு என்று போட்டிருக்கும் மருந்தளவைப் பத்தாகப் பிரித்துத் தாங்கிக்கு இடுங்கள். நாலைந்து தாங்கியோடு ஏக்கரை முடிக்கிறவர் இலையை மட்டும் நனைக்கிறார், தத்தியை அல்ல. ஒருவர் நீளத் தடியால் பயிரை விலக்கிக்கொண்டு முன்னே போக, தெளிப்பவர் நொசிலைத் தாழ்த்தித் தண்டின் அடிக்கு அடிக்க வேண்டும். பூச்சிமருந்துக்குக் கூம்பு நொசில். களைநாசினி அடித்த தாங்கியைச் சவர்க்காரம் போட்டுப் பல தடவை கழுவாமல் பாவிக்கக்கூடாது, முடிந்தால் தனித் தாங்கியே வையுங்கள்.

காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி நடக்க வேண்டும். கையுறை, முகமூடி, நீட்டுக் கை சட்டை, நீட்டுக் காற்சட்டை இவற்றுக்குக் காசு அனுப்புவது வயல்காரரின் கடமை. கூலிக்காரரின் தலையில் போடாதீர்கள். மயக்கம், வாந்தி, கண் பார்வை மங்கல் வந்தால் உடனே 1990 அம்புலன்ஸ். போத்தலின் லேபலையும் கையோடு கொண்டுபோக வேண்டும், வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.

அடித்து ஐந்தாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் அதே முறையில் திரும்ப எண்ணுங்கள். எண்ணாமல் இரண்டாம் முறை அடிக்கக் காசு அனுப்ப வேண்டாம்.

மற்றப் பூச்சிகள்

பனிப்பூச்சி விதைத்து முதல் இரண்டு மூன்று கிழமையில், மழையில்லாத நாட்களில் வரும். இலை நுனி ஊசிபோல் சுருளும். உள்ளங்கையை நனைத்து நாற்றின் மேலாக 12 தரம் தடவுங்கள், கையில் ஒட்டிய கறுப்புத் துகள்கள் நகர்ந்தால் அவைதான். 12 தடவலில் 60ஐத் தாண்டினால் நடவடிக்கை தேவை. முதல் நடவடிக்கை தண்ணீர்: நாற்று மூழ்குமளவு ஒன்றிரண்டு நாள் கட்டி வடித்தால் பெரும்பகுதி போய்விடும்.

மஞ்சள் தண்டு துளைப்பானுக்கு முட்டைக் குவியலை எண்ண வேண்டும். இலை நுனியை அண்டி, மங்கிய மஞ்சள் மயிர் மூடிய சிறு திட்டு. எல்லை சதுர மீற்றருக்கு இரண்டு. உங்கள் 30 சென்ரிமீற்றர் சட்டத்தில் 10 இடம் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு சதுர மீற்றர், ஆகவே பத்திலும் சேர்த்து இரண்டு கண்டால் எல்லைக்கு வந்துவிட்டது. உடனே மருந்துக்குப் போகாமல், குவியல்களை இலையோடு கிள்ளிப் போத்தலில் போட்டுத் துணியால் கட்டி வையுங்கள். சில நாளில் புழு வருகிறதா, மணல் பருமனில் கறுப்புக் குளவி வருகிறதா என்று பாருங்கள். குளவி அதிகம் வந்தால் வயல் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறது. நடுக்குருத்துக் காய்ந்த மட்டம் நூற்றுக்குப் பத்தைத் தாண்டினாலும் எல்லைதான்.

கதிர் வெள்ளையாக வந்த பிறகு எந்த மருந்தும் அதைத் திருப்பாது. அது துளைப்பான்தானா என்று மட்டும் உறுதிசெய்யுங்கள். கதிரை இழுத்தால் இலகுவாகக் கழன்று வந்து, அடியில் கடித்த அடையாளம் இருந்தால் துளைப்பான். கழராமல், கழுத்துக் கணு கறுத்து அழுகியிருந்தால் அது எரிபந்தம் என்ற பூஞ்சண நோய், பூச்சிமருந்து வீண். மட்டம் சரிவாக வெட்டுண்டு கிடந்தால் எலி.

இலைச்சுருட்டிக்குப் பூக்கும் வரை நூறு இலைக்குப் பத்தும், பூக்கும்போது நூறு கொடியிலைக்கு (கதிருக்கு அடுத்த கடைசி இலை) ஐந்தும் சேதப்பட்டிருந்தால் எல்லை. கொடியிலைதான் நெல் மணிக்குச் சாப்பாடு போடுவது, அதனால்தான் அந்த வேளையில் எல்லை இறங்குகிறது.

மூட்டுப்பூச்சி கதிர் வந்ததும் நாற்றத்தோடு வரும். 10 இடத்தில் பத்துப் பத்துக் கதிராக 100 கதிர் எண்ணுங்கள். எல்லை பூக்கும்போது 5 பூச்சி, பால் பிடித்த பின் 16. வரம்பிலும் வயலுக்குள்ளும் நிற்கும் புல்லைப் பூக்க முன் வெட்டிவிட்டால் வரவு குறையும், அது முதலில் தங்குவது அங்கேதான். அடிக்க வேண்டி வந்தால் மாலை 4 மணிக்குப் பின் அடியுங்கள். காலையில் நெற்பூ விரியும் நேரத்தில் மருந்து வேண்டாம்.

சோளம் போட்டவர்களுக்கு

சேனா படைப்புழு 2018இல் இலங்கையில் காணப்பட்டது, அதன்பின் சோளத்தை விட்டுப் போகவில்லை. முளைத்த கிழமையிலிருந்து கிழமைக்கு இரண்டு முறை தோட்டத்துக்குள் டபிள்யூ வடிவில் நடந்து ஐந்து இடத்தில் இருபது இருபது கன்றாக 100 கன்று பாருங்கள். குருத்துக்குள் ஈர மரத்தூள் போன்ற எச்சமும், கண்ணாடிபோல் சுரண்டிய இலையும் இருந்தால் குருத்தைப் பிரித்துப் புழுவை எடுத்துப் பாருங்கள். தலையில் தலைகீழான ஒய் வடிவ வெண்கோடும் வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளியும் இருந்தால் அதுதான். கன்று சிறியதாக இருக்கும்போது நூறில் 20, குருத்து உயர்ந்த பின் 40 என்பது ஏற்கக்கூடிய எல்லை. அதற்குக் கீழே என்றால் முட்டைக் குவியலையும் புழுவையும் கையால் நசுக்குவதே போதும். பூமுடி வெளிவந்த பிறகு அடிக்கும் மருந்து பலன் தராது. அடிப்பதென்றால் அதிகாலையிலோ அந்தியிலோ, நொசிலைக் குருத்துக்குள் நேராகப் பிடித்து. புழு பெருத்து எச்சத்தால் குருத்தை அடைத்துவிட்டால் மருந்து உள்ளே போகாது, ஆகவே இலை சுரண்டும் சின்னப் புழுவிலேயே பிடிக்க வேண்டும்.

நெல் அறுத்ததும் அடிக்கட்டையை நிலத்தோடு ஒட்ட வெட்டி உழுதுவிடச் சொல்லுங்கள், துளைப்பான் புழு அதற்குள்தான் அடுத்த போகம் வரை கிடக்கும். எண்ணிக்கைக் கொப்பியை அங்கேயே வைக்காமல் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இங்கே அனுப்பச் சொல்லி வையுங்கள். அடுத்த காலபோகத்தில் 47ஆம் நாள் வரும்போது, ஏழாம் இடம் வயலின் எந்த மூலையில் இருந்தது என்பது முதலில் தேவைப்படும்.